ரெண்டு தடவை சொருகிய கேபிள்

போன மாதம் நாவலூரிலிருந்து ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்றுவிட்டு வந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் பேசினாள். "சார், இப்பல்லாம் கெர்னல்ல பூட்டைத் தப்பா போட்டா கருவியே காட்டிக் குடுத்துடுது. கோடு எழுதுறதுக்கே மெஷின் வந்துடுச்சு. நீங்கள்லாம் வெறுங்கண்ணால எப்படி சார் புடிச்சீங்க?"

நல்ல மனசோடுதான் கேட்டாள். எனக்குத்தான் மூக்கு மேல கோபம். "கருவி அப்பவும் இருந்துச்சும்மா. மெஷின் மெதுவா ஓடுதுன்னு நாங்கதான் அணைச்சு வச்சிருந்தோம்" என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு ஒரே சங்கடம். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு உருப்படியான பதில்தான் இருக்கிறது. அதைப் போனில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பேர் தணிகாசலம். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். டிப்ளமோ முடித்துவிட்டு, ஹார்டு டிஸ்க் பழுது பார்க்கிற கம்பெனியில் பதினைந்து வருஷம் ஸ்குரூ டிரைவரும் கையுமாக இருந்தேன். டிஸ்க்குக்கு உள்ளே நடப்பது தெரிந்ததும், அதற்கு உத்தரவு போடுகிறவன் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. ரயிலில் போகும்போதும் வரும்போதும் புத்தகம் வைத்து நிரல், எங்கள் பேச்சில் 'கோடு', எழுதப் படித்தேன். நாற்பது வயதுக்குமேல் நாவலூரில் ஒரு சேமிப்பகக் கருவிக் கம்பெனியில் எடுத்தார்கள். வேலை, கெர்னலுக்குள் டிஸ்க் டிரைவர், அதாவது டிஸ்க்கை இயக்குகிற நிரல், எழுதுவது. ஊரில் என் சித்தப்பா கடைசிவரை "நம்ம தணிகா கம்ப்யூட்டர் கம்பெனியில வண்டி ஓட்டறான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை.

கெர்னல் என்றால் கணினியின் அடித்தளம். மேலே ஓடுகிற எல்லாமே அதன் தயவில்தான் ஓடுகின்றன. அங்கே தப்பு நடந்தால் திரையில் ஒரு ஜன்னல் மட்டும் மூடிக்கொண்டு போகாது, மொத்த மெஷினும் கட்டையாகிவிடும். அதிலும் டிஸ்க் பக்கம் ரொம்ப மோசம். என்ன நடந்தது என்று குறித்து வைக்கவே டிஸ்க் வேண்டும், அந்த டிஸ்க்தான் உறைந்து கிடக்கும். சாட்சியே இல்லாத குற்றம் அது.

இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், பிறகு கதை புரியும். டிஸ்க்குக்குப் போக வேண்டிய வேலைகள் ஒரு பட்டியலில் வரிசையாக நிற்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் அந்தப் பட்டியலில் கை வைக்கக் கூடாது. அதனால் அதற்கு ஒரு பூட்டு. பூட்டை எடுத்தவன் வேலையை முடித்து விடுவிக்கும்வரை அடுத்தவன் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிக் காத்திருக்க வேண்டும். இது ஒன்று.

இன்னொன்று இன்டரப்ட். டிஸ்க் "எனக்கு ஒரு சேதி" என்று மணியடித்தால், பிராசசர் கையில் இருப்பதை அப்படியே நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் கேட்டே ஆக வேண்டும். வேலைப் பட்டியலைத் தொட்டுத்தான் அந்தச் சேதியை வாங்க முடியும். இப்போது யோசித்துப் பாருங்கள். நான் பூட்டைக் கையில் வைத்திருக்கிறேன். ஒருத்தன் வந்து என்னைக் கீழே தள்ளி நெஞ்சின் மேல் உட்கார்ந்துகொண்டு "பூட்டைக் குடு" என்கிறான். குடுத்தால்தான் எழுந்திருப்பானாம். அவன் எழுந்தால்தான் என்னால் கையை நீட்ட முடியும். உலகம் முடிகிறவரை இரண்டு பேரும் அப்படியே கிடக்க வேண்டியதுதான். அதனால்தான் பூட்டை எடுப்பதற்கு முன்பே மணியை அடைத்துவிட வேண்டும் என்று விதி. இன்டரப்ட் ஓடும்போது மட்டும் அந்த மணி ஏற்கெனவே அடைபட்டிருக்கும் என்பதால் அங்கே வெறும் பூட்டு போதும். எங்கள் பிழைப்பு முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் ஓடியது.

எனக்கு மேலதிகாரி நூர்ஜஹான். மதுராந்தகம் பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த குடும்பம். என்னைவிட ஒன்பது வயது சின்னவர். நாவலூரில் எல்லோரும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது வழக்கம். எனக்கு வாய் வரவில்லை, மேடம் என்றே கூப்பிட்டேன். அவரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, தணிகாசலம் சார் என்பார். ஆனால் அந்த "சார்" போட்டுக்கொண்டே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேட்பார்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. எந்த மாற்றம் செய்தாலும் நிரலைத் தாளில் அச்செடுக்க வேண்டும். எழுதியவன் ஒரு இரும்பு ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். எதிரில் ஒரு ஆள் இன்டரப்டாக உட்காருவார். அவருக்குத் தாள் கிடையாது. நினைத்த நேரத்தில் "வந்துட்டேன்" என்பார், அவ்வளவுதான் அவர் வேலை. சொன்ன நொடியில் ஸ்கேலை நகர்த்தாமல் நிறுத்திவிட்டு மேடம் கேட்கிற மூன்று கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். இந்த வரியில் பூட்டு யார் கையில்? மணி திறந்திருக்கா, மூடியிருக்கா? இந்த இடத்துக்கு யார் யார் எங்கேயிருந்து வருவாங்க?

பதில் தெரியாவிட்டால் திட்ட மாட்டார். பேனா மூடியைக் கழற்றித் தாளின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டு "மேல போங்க சார்" என்பார். கத்தினால்கூட திருப்பிக் கத்தலாம். அந்தப் புள்ளியை என்ன செய்வது? முதல் மாதம் என் தாள்கள் அம்மை போட்ட மாதிரி இருந்தன. "பள்ளிக்கூடத்துப் பசங்களா நாம?" என்று சாப்பாட்டு அறையில் நான் பொரிந்துகொண்டே இருப்பேன். சும்மா சொல்லக் கூடாது, ஆறு மாதத்தில் எனக்கு ஸ்கேல் இல்லாமலே கண் வரிவரியாக நிற்க ஆரம்பித்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய கல்வி அது. அப்போது நான் கும்பிடவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது, அதுதான் நடந்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்தபடி ஒரு கட்டடம். அங்கே எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் கணினி அறை. இரத்தப் பரிசோதனைக்கூடங்கள் நடத்துகிற கம்பெனி. பல ஊர் ஆஸ்பத்திரிகளின் ரிப்போர்ட் எல்லாம் அந்த ஒரு அறையிலிருந்துதான் போகும். கடல் காற்று அங்கே எதையும் விட்டுவைக்காது. கேபிள்களை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. டிஸ்க் பெட்டிக்குச் சிவப்பு, நீலம் என்று இரண்டு கேபிள். ஒன்றைக் கழற்றினாலும் மற்றது தாங்கும், மெஷின் நிற்கக் கூடாது. அதற்குத்தான் எங்கள் டிரைவரில் மீட்பு வேலை என்று ஒரு பகுதி இருந்தது. கேபிள் போனதும் அது எழுந்து, பாதியில் நின்ற வேலைகளை மற்ற கேபிளுக்கு மாற்றிவிடும்.

மெஷின் நின்றது. கேபிள் மாற்றும்போது ஒரு தடவை, மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை. முக்கால் மணி நேரம் ரிப்போர்ட் போகவில்லை. ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர்கள் வீட்டிலிருந்து போன் மேல் போன். இரண்டு தடவையும் கேபிள் மாற்றியவர் ஒரே ஆள். எங்கள் கம்பெனிக்காக ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஏழுமலை, கடப்பாக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். அந்தக் கடற்கரைப் பக்கத்து மெஷின்களுக்கெல்லாம் அவர்தான்.

நாவலூரில் கூட்டம் போட்டார்கள். வாடிக்கையாளர் தரப்பில் இரண்டு பேர், எங்கள் மேலாளர், நான். ஏழுமலையை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பழுதான நீல கேபிளைக் கழற்றுவதற்குப் பதில் ஓடிக்கொண்டிருந்த சிவப்பைக் கழற்றிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. நீலம் பழுதாகிக் கிடக்கும்போது சிவப்பையும் கழற்றினால் தாங்க ஒன்றும் இருக்காது, மெஷின் நிற்கும்தான்.

"இல்ல சார், நீலந்தான். எப்பிடி மாத்தணும்னு எழுதின அட்டையைக் கையில வச்சிகினு பாத்து பாத்துத்தான் கழட்டினேன்" என்றார் ஏழுமலை.

மேலாளர் என்னைப் பார்த்தார். "டிரைவர் பக்கம்?"

நான் சோதனை அறையில் அதற்கு முந்தைய வாரம் முழுக்க கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்த்திருந்தேன். இருநூறு தடவையாவது இருக்கும். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அந்தத் தெம்பில் சொன்னேன். சொன்னது அட்சரம் பிசகாமல் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது: "கேபிளை ஒழுங்கா கழட்டத் தெரியாத ஆளை அனுப்பினா எந்தக் கோடும் தாங்காது."

ஏழுமலை என் முகத்தையே பார்த்தார். வெள்ளிக்கிழமையோடு அவர் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவானது. அன்றைக்குத் திங்கள். வாடிக்கையாளரின் அறைக்குள் இனி அவர் கால் வைக்கக் கூடாது என்றார்கள். அந்தத் தொழிலில் இப்படி ஒரு பேர் வந்தால் அந்தக் கடற்கரைச் சாலையில் வேறு எந்தக் கம்பெனியும் கதவைத் திறக்காது.

மேடம் அதுவரை விடுப்பில் இருந்தார். புதன்கிழமை வந்தார். விவரத்தைக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான். "இருநூறு தடவையும் கேபிளைக் கழட்டினது யாரு சார்?"

"நான்தான்."

"உங்க கை கழட்டினா நிக்கலைன்னு தெரியுது. அவர் கையை எங்க பாத்தீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "அதான் மேடம் சொல்றேன், அவருக்குக் கழட்டத் தெரியல" என்றேன்.

"அதையாவது பாக்கலாம். நாளைக்குக் கூப்பிடுங்க."

வேலை போகப்போகிற ஆள், போய்யா என்று சொல்லியிருக்கலாம். ஏழுமலை சொல்லவில்லை. வியாழக்கிழமை காலையில் கடப்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, ஒன்பதரைக்கெல்லாம் சோதனை அறை வாசலில் நின்றார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். "அங்க என்ன பண்ணீங்களோ அதையே இங்க பண்ணுங்க" என்றார் மேடம். ஏழுமலை பெட்டியின் பின்பக்கம் போய்க் குந்தினார். நீல கேபிளைக் கழற்றினார். புது கேபிளின் முனையை வேட்டித் துணி மாதிரி ஒரு மெல்லிய துணியால் துடைத்தார். சொருகினார். சொருகிய கையோடு மறுபடி உருவி, மறுபடி சொருகினார். கண் சிமிட்டுகிற நேரம்தான்.

நான் குதித்தேன். "இன்னாய்யா இது? யார் உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது? ஒரு தடவை சொருகினா பத்தாதா?" கோபம் வந்தால் என் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும்.

ஏழுமலை குந்தியபடியே நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சார் நீங்க. உப்புக் காத்து கீற எடத்துல ஒரே சொருவுல நிக்குமா? பித்தளை மேல பாசி மாதிரி ஒண்ணு படிஞ்சி கீது சார். மொத தடவை சொருவினா அது தேயும். ரெண்டாவது தடவைதான் புடிக்கும். எங்க பக்கத்துல டிவிக்குக்கூட அப்பிடித்தான் சொருவுவோம். ஏசி ரூம்ல உக்காந்துகினு இருக்கறவங்களுக்கு இது எங்க தெரியும்?"

"அட்டையில அப்படி எழுதல."

"அட்டையை எழுதுனவரு கடப்பாக்கமா சார்?"

மேடம் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்த இரண்டு மூன்று தடவைகளில் அது ஒன்று. "திரும்பத் திரும்பச் செய்யுங்க ஏழுமலை" என்றார். அவர் கழற்றுவார், துடைப்பார், இரண்டு தடவை சொருகுவார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு தடவை ஒன்றும் ஆகவில்லை. ஒன்பதாவது தடவை திரையில் ஓடிக்கொண்டிருந்த எழுத்து பாதி வரியில் நின்றது. விசைப்பலகையைத் தட்டினேன். அசைவில்லை. மெஷின் கட்டை.

ஏழுமலை எட்டிப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "நீலந்தான சார் கழட்டினேன்?"

"நீலம்தான்" என்றேன்.

மேடம் மீட்புப் பகுதியை அச்செடுக்கச் சொன்னார். பதினோரு தாள். மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தோம். ஸ்கேலை என் கையில் கொடுத்தார். இன்டரப்ட் நாற்காலியில் வழக்கமாக எங்கள் குழுவில் யாராவது உட்காருவார்கள். அன்றைக்கு அங்கே ஏழுமலையை உட்கார வைத்தார். "சார் ஒரு ஒரு வரியா படிப்பாரு. நீங்க மொத தடவை சொருவி உருவினதும் இந்த வேலை எழுந்துக்குது. ரெண்டாவது சொருவு எப்ப வருமோ அப்ப 'வந்துட்டேன்' சொல்லுங்க. அவ்வளவுதான்."

"எனக்கு இந்தக் கோடெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க மேடம்."

"தெரிய வேணாம். இன்டரப்டுக்கும் தெரியாது."

படிக்க ஆரம்பித்தேன். ஏழுமலை முதலில் கூச்சப்பட்டார். பிறகு விளையாட்டு பிடித்துவிட்டது. வாயைத் திறந்தாலே "வந்துட்டேன்" என்றார். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி மூன்று கேள்விக்கும் பதில் சொன்னேன். பூட்டு யாரிடமும் இல்லை. மணி திறந்திருக்கு. வந்தாலும் பரவாயில்லை. அடுத்த இடம்: பூட்டு என் கையில், மணி மூடியிருக்கு, வர முடியாது. எல்லாம் சரி. ஒரு மணி நேரம் ஓடியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசைகூட வந்தது, தப்பு வேறு யாருடைய பகுதியிலாவது இருக்குமோ என்று.

ஏழாவது தாளின் நடுவில் ஒரு துணை வேலை. பட்டியலிலிருந்து ஒரு வேலையை எடுத்துத் தீர்த்துவிடுகிற சின்னப் பகுதி, பத்து வரி. பூட்டு எடுக்கிற வரியைத் தாண்டி ஸ்கேலை வைத்தேன்.

"வந்துட்டேன்" என்றார் ஏழுமலை.

"பூட்டு என் கையில" என்றேன். "மணி மூடி..."

வாய் அப்படியே நின்றது. மணி மூடியிருக்கவில்லை. அந்தத் துணை வேலை இன்டரப்டுக்காகவே எழுதியது. அங்கே மணி ஏற்கெனவே அடைபட்டிருக்கும், அதனால் வெறும் பூட்டு. மேடத்தின் மூன்றாவது கேள்வி என் தலைக்குள் தானாகவே கேட்டது: இங்கே யார் யார் எங்கேயிருந்து வருவாங்க? மீட்பு வேலை இங்கே வருகிறது. மீட்பு வேலை சாதாரண வேலை, அதற்கு மணி திறந்தே இருக்கும். என்னைப் போல மெதுவாகக் கழற்றி மெதுவாக மாட்டினால், சொருகியதும் டிஸ்க் அடிக்கிற மணி வருவதற்குள் மீட்பு வேலை முடிந்து போயிருக்கும். ஏழுமலை சொருகுகிற வேகத்தில் சொருகினால் பூட்டு கையில் இருக்கும்போதே மணி அடிக்கும். அப்புறம் நெஞ்சின் மேல் உட்கார்ந்த கதைதான்.

மீட்பு வேலையை அந்தத் துணை வேலையோடு இணைத்தது யார் என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. நான்தான். ஒரு வருஷத்துக்கு முன், மேடம் வெளிநாடு போயிருந்த நேரத்தில், நாலே நாலு வரி. இதையெல்லாம் அச்செடுத்து ஸ்கேல் வைத்துப் படிப்பார்களா என்று படிக்காமலே உள்ளே தள்ளியிருந்தேன்.

மேடம் பேனா மூடியைக் கழற்றினார். தாளைப் பார்த்தார். புள்ளி வைக்காமலே மூடியைத் திரும்ப மாட்டிவிட்டார். அந்தப் புள்ளியை வைத்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நிரலைத் திருத்துவதற்குப் பத்து நிமிஷம் ஆனது. திருத்தத்தோடு ஒரு குறிப்பு எழுத வேண்டும், ஏன் மாற்றினோம் என்று. இங்கே என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். "மீட்பு வேலையில் பூட்டு முறை மேம்படுத்தப்பட்டது" என்று எழுதினேன். பொய் இல்லை. ஆனால் அதைப் படிக்கிறவனுக்கு நான் தப்பு செய்ததும் தெரியாது, ஏழுமலை தப்பு செய்யவில்லை என்பதும் தெரியாது. மேடம் படித்தார்.

"இதைப் படிச்சா ஏழுமலைக்கு அடையாள அட்டை திரும்பி வருமா சார்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வயசில் ஒன்பது வருஷம் சின்ன பெண்பிள்ளை முன்னால் அப்படி நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியதுதான். "வேற எழுதறேன் மேடம்" என்றேன்.

அதற்கு முன்னால் ஏழுமலையைப் பார்க்கப் போனேன். சாப்பாட்டு அறையில் தனியாக ஒரு ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, "தப்பு என்னுதுங்க. உங்களை நான் அன்னைக்குப் பேசினது ரொம்ப தப்பு. மன்னிச்சுக்கோங்க" என்றேன். என் வாழ்க்கையில் யாரிடமும் அப்படி நேராகக் கேட்டதில்லை.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இங்க சொல்லி இன்னா சார் பிரயோஜனம்? இந்த டீக்காரருக்கு நான் கெட்டவன்னு தெரியாதே. அன்னைக்கி அத்தினி பேரு முன்னாடி சொன்னீங்க. அந்த ரூம்லயே, அதே ஆளுங்க முன்னாடி சொல்லுங்க. என் பொண்டாட்டி மூணு நாளா என்னைக் கேக்குறா, 'நெசமாவே நீ கலர் பாக்காம கழட்டினியா?'ன்னு. அவளுக்கே சந்தேகம் வந்துடுச்சி சார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை அதே அறையில் கூடினோம். வாடிக்கையாளர் தரப்பில் அதே இரண்டு பேர், அதே மேலாளர். ஏழுமலை போன தடவை உட்கார்ந்த ஓரத்து நாற்காலிக்கே போனார். மேடம் அவரைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். மேலாளர் முன்கூட்டியே என்னிடம் ஜாடையாகச் சொல்லியிருந்தார், "மென்பொருளில் ஒரு சிறு குறைபாடு" என்ற அளவில் முடித்துக்கொள்ளலாம் என்று. நான் எழுந்து நின்றேன். நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை, உட்கார்ந்து சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"போன திங்கள் கேபிளைக் கழட்டத் தெரியாத ஆளுன்னு ஏழுமலையைச் சொன்னேன். அவர் சரியாத்தான் கழட்டினார். மெஷின் ரெண்டு தடவையும் நின்னது நான் எழுதின நாலு வரியால. அதை நான் யாரையும் பாக்க விடாம உள்ள போட்டேன். அவர் கை வேகத்தாலதான் அது வெளியே வந்துச்சு, இல்லைன்னா இன்னும் பல இடத்துல நின்னிருக்கும்."

மேலாளரின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. வாடிக்கையாளர் தரப்பில் மூத்தவர் எழுந்து, என்னைத் தாண்டி ஏழுமலையிடம் போய்க் கை கொடுத்தார். "அடுத்த கேபிள் எப்ப மாத்தணும்?" என்று கேட்டார். "செவ்வாக்கிழமை வரேன் சார்" என்றார் ஏழுமலை.

என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒரு வருஷம் எனக்குச் சம்பள உயர்வு கிடையாது என்றார்கள், அதற்குமேல் ஒன்றும் இல்லை. அணைத்து வைத்திருந்த கருவியை எல்லா சோதனை மெஷினிலும் போட்டோம். மெதுவாகத்தான் ஓடியது, ஓடட்டும் என்று விட்டோம். சோதனைப் பட்டியலில் கேபிளை இரண்டு தடவை வேகமாகச் சொருகிப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தது. மேடத்திடம் பின்னால் ஒருநாள், "அன்னைக்கு நீங்க விடுப்பிலிருந்து வராம இருந்திருந்தா நான் ஒருத்தர் வயித்துல அடிச்சிட்டு நிம்மதியா ஓய்வு பெற்றிருப்பேன்" என்றேன். "நிம்மதியாவா இருந்திருப்பீங்க?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இன்றைக்கும் அவருக்கு நான் கடமைப்பட்டவன். பெருநாளுக்குப் போன் செய்து வாழ்த்து சொல்லும்போதெல்லாம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன், பிரியாணி எங்கே என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானமே குறிப்பைத் திருப்பி எழுதினேன். எங்கள் டிரைவர், யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கும்படி உலகத்துக்கே திறந்திருக்கிற கெர்னலுக்குள் போவது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பழைய மாற்றத்தின் தப்பு இதனால் சரியாகிறது, அதைக் கண்டு சொன்னவர் யார், சோதித்துப் பார்த்தவர் யார் என்று கடைசியில் தனித்தனி வரியாகப் பேர் போட வேண்டும். பழைய மாற்றம் என்ற இடத்தில் என் நாலு வரியை என் பேரோடு போட்டேன். கண்டு சொன்னவர், சோதித்தவர் இரண்டுக்கும் ஏழுமலை. அனுப்புவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு, திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன்.

ரொம்ப நேரம் தன் பேரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எத்தினி நாளு இருக்கும் சார்?"

"அழிக்கவே முடியாதுங்க. யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் பாக்கலாம்."

"எம் பொண்டாட்டி கூடவா?"

"போன்லயே பாக்கலாம்."

மேலே இருந்த வரியைக் காட்டினார். "இது உங்க பேரா? தப்பு பண்ணது இன்னாருன்னு?"

"ஆமாங்க."

"இதுவும் அழியாதா?"

"அழியாது."

பிறகு என் தோளில் கை வைத்து, "சரி வுடுங்க சார், தொணைக்கு நான் கீழயே கீறேன்" என்றார்.